ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போன கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டரை நேருக்கு நேர் பொய்யன் என்று திட்டிய முதல் மனிதர், திருவொற்றியூரில் மட்டுமல்ல, இந்த உலகத்திலேயே எங்கள் சீட்டு நைனாதான்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்கள். ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு ஓ.பி. சீட்டு எழுதுவது அவர் வேலை. அதைப் பார்த்து, ஐந்து மணிக்கு வீட்டுக்குக் கிளம்பும் வரை, கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. பிறந்த தேதி போடாவிட்டால் அந்தப் பெட்டி அடுத்த பக்கத்துக்கு நகராது. தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் நான் ஜனவரி ஒன்று என்று தட்டிவிடுவேன்.

நைனா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டார். "டேய் பொய்யா!" என்று பெட்டியைத் திட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "இன்னா மாமு, மொத்த குப்பமும் ஒரே நாள்ல பொறந்துச்சா? பிரசவம் பாத்தவ இன்னா கதி ஆயிருப்பா?"

அன்றிலிருந்து வயதை அவரே துப்பறிந்தார். "பெரிய புயல் அடிச்சப்போ நீ தவழ்ந்துகினு இருந்தியா, ஓடிகினு இருந்தியா?" ஒரு மீன்காரம்மா, "அப்போ எனக்கு ரெண்டு புள்ளடா!" என்றதும் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார்.

எடை மெஷின் ரிப்பேரானபோது எல்லோருக்கும் அறுபது கிலோ போட்டேன். நைனா பொறுக்காமல் பழைய பேப்பர் கடைத் தராசைத் தூக்கி வந்தார். முதலில் ஏறிய லோடுமேனோடு தராசும் தரைக்கு வந்தது.

இதெல்லாம் சிரிப்போடு போயிற்று. அடுத்தது அப்படியில்லை. மூச்சுத்திணறலுக்கு மருந்துப் புகை பிடிக்கும் அறையை மூடிவிட்டு குடோனாக்க நிர்வாகக் கமிட்டி முடிவெடுத்தது. கம்ப்யூட்டர் கணக்குப்படி அந்த நோயோடு ஆளே வருவதில்லையாம்.

நைனா ஓர் அரிசிச் சாக்கோடு கமிட்டிக் கூட்டத்துக்குள் நுழைந்தார்.

"கம்ப்யூட்டரு அஞ்சு மணிக்கே வூட்டுக்குப் பூடுது சார். கம்பெனில தூசி துன்னவன் ஆறு மணிக்குத்தான் வர்றான். அவன் சீட்டெல்லாம் இதுலதான் கீது."

"சரிப்பா, வச்சுட்டுப் போ, பார்க்கிறோம்" என்றார் செயலாளர்.

"பாக்க வாணாம், கேளு சார்!"

ஒவ்வொரு சீட்டாக வாசித்தார். பேர், வேலை, எத்தனை நாளாய் இருமல். டீ ஆறியது. சாக்குத் தூசியில் கமிட்டிக்காரர் ஒருவர் இரும ஆரம்பித்தார். "உனுக்கும் ஒரு சீட்டு போடவா சார்?" என்றார் நைனா. செயலாளர் கையெடுத்துக் கும்பிட்டார். அறை தப்பியது.

சாக்கு முழுவதையும் ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது. நைனா பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பார். கொஞ்சம் வேகமாகத் தட்டினால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார்.

"மெதுவா அடி மாமு. அவனுக்கு மூச்சு வாங்குதுல்ல?"

அந்த 'அவன்' முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. ஆனாலும் மெதுவாகத்தான் அடித்தேன். நைனா பக்கத்தில் இருந்தால் எனக்கு அப்படித்தான் அடிக்க வரும்.