இரண்டு சிவப்பு ஒயர்களும் ஒரு பெண் பார்க்கும் படலமும்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இரண்டில் ஒன்றுதான் சரி, ஆனால் எது என்று தெரியவில்லை என்றால், எதற்கு வம்பு என்று இரண்டையும் செய்துவிடுவேன். எலெக்ட்ரிகல் டிப்ளமா பரீட்சையில் இதனால் மதிப்பெண்தான் போனது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கல்கத்தாவில், அக்காவின் கல்யாணத்தையே இது கவிழ்க்கப் பார்த்தது.

அக்காவுக்கு அதுவரை மூன்று வரன்கள் தட்டிப் போயிருந்தன. நாலாவது வரன் பெற்றோருடன் மெட்ராஸிலிருந்து ரயிலேறி வருகிறது. அவர்களை ஹவுராவிலிருந்து டாக்குரியாவில் இருந்த எங்கள் வீட்டுக்கு அப்பாவின் பழைய காரில் அழைத்து வர வேண்டும். நாலு சிக்னலில் நின்றாலே அதன் எஞ்சின் கொதிக்கும். வழியில் மானம் போகக் கூடாதே என்று அப்பா ஒரு டெம்பரேச்சர் மீட்டர் வாங்கி வந்தார். (மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றார். டிப்ளமா படிக்கிற பிள்ளை வீட்டில் இருக்கும்போதா என்று கேட்டேன். வாய்!)

மீட்டரை மாட்டிவிட்டேன். உள்ளே இருக்கும் பச்சை பல்பு எரியத்தான் கரண்ட் வேண்டும். டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து பார்த்தால், ஒரே மாதிரி இரண்டு சிவப்பு ஒயர்கள். ஒன்று, கார் விளக்கைப் போட்டால் மற்ற மீட்டர்களுக்கு வெளிச்சம் தருவது. இன்னொன்று எதற்கோ. இரண்டையும் சீவி, பல்பு ஒயரோடு சேர்த்து முறுக்கி, டேப் சுற்றி, விளக்கு சுவிட்சைப் போட்டேன். பச்சையாக எரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அந்த இன்னொன்று ஹாரன் ஒயர். ஹாரன் அப்போது ரிப்பேருக்குப் போயிருந்ததால் எனக்குத் தெரியவில்லை. மறுநாள் பட்டப்பகலில் மெக்கானிக் கார்த்திக்தா (வங்காளத்தில் 'தா' என்றால் அண்ணன்) புது ஹாரன் மாட்டி, ஒருமுறை அடித்துக் காட்டிவிட்டுப் போனார்.

அவர்கள் வந்த அன்று ரயில் ஐந்து மணி நேரம் லேட். பொழுது சாய்ந்துதான் கிளம்பினோம். முன்னால் அப்பாவுக்குப் பக்கத்தில் நான், பின்சீட்டில் மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும். ஹவுரா பாலத்தில் ஏறும்போது அப்பா விளக்கைப் போட்டார். ஹாரன் அலற ஆரம்பித்தது. நிற்கவே இல்லை.

எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. விளக்குக்குப் போகும் கரண்ட், என் முறுக்கு வழியாக ஹாரனுக்கும் போகிறது. விளக்கை அணைத்தால் நின்றுவிடும். சொன்னால் என் கதி என்ன? வாயை மூடிக்கொண்டு கங்கையை வேடிக்கை பார்த்தேன்.

பக்கத்து டாக்ஸிக்காரர் தலையை நீட்டி, "தாதா, ஹாத் ஷொரான்!" என்று கத்தினார். அண்ணா, ஹாரனிலிருந்து கையை எடுங்கள் என்கிறார். தன்மேல் குற்றமில்லை என்று காட்ட, அப்பா ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். பின்சீட்டிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா, அந்த மாமி, "ஐயோ, வண்டியைப் பிடிங்கோ!" என்று அலறினார்.

பாலத்தைத் தாண்டும்போது அப்பா ஹாரன் பட்டனைக் குத்திக் குத்திப் பார்த்தார். பட்டுப்புடவையோடு காத்திருக்கும் அக்காவை நினைத்தேன். குனிந்து, என் முறுக்கை ஒரே இழுப்பில் பிய்த்தெறிந்தேன்.

ஹாரன் நின்றது. மாமி நிற்கவில்லை. ஹாரனை மீறிக் கேட்க வேண்டுமே என்று கணவரின் காதில் உச்சக்குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்: "பஜ்ஜியைச் சாப்டுட்டு, ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்னு சொல்லிட்டுக் கிளம்பிடலாம்!"

"அம்மா, ஹாரன் நின்னுடுத்து" என்றார் மாப்பிள்ளை. சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்பா ரோட்டைப் பார்த்தபடியே, "இன்னிக்குப் பஜ்ஜி இல்லை மாமி, போண்டா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறைக்கு ஓடி அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அழுவாள் என்றுதான் நினைத்தேன்.

"ஹாரன் நின்னுடுத்துன்னு சொன்னது யாருடா?"

"மாப்பிள்ளைதான்."

"சிரிச்சாரா?"

"சிரிச்சார்."

அம்மா கையிலிருந்த போண்டாத் தட்டை வாங்கிக்கொண்டு அக்கா கூடத்துக்கு நடந்தாள்.

இன்றும் எந்தக் கல்யாண மண்டபத்திலாவது மாமி தன் மருமகளின் காதருகே குனிந்து யாரைப் பற்றியாவது ஆரம்பித்தால், குடும்பமே ஒரே குரலில், "ஹாரன் நின்னுடுத்து!" என்கிறது. எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பவர் மாமிதான். என்னை மட்டும் அக்கா வீட்டில் ஒரு பல்பு மாற்றக்கூட விடுவதில்லை.