ராமன் அக்காவும் ஓடைத் தண்ணீரும்

ஈப்போவில் ராமன் அக்காவிடம் திட்டு வாங்காத திரவமே கிடையாது. தே தாரிக், கல்யாண வீட்டு ரசம், கோயில் சர்பத், மழைத்தண்ணி எல்லாம் வாங்கியிருக்கின்றன. எந்தக் குவளையைக் கொடுத்தாலும் முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இதுல என்னத்தக் கலந்திருக்கானுங்களோ" என்பார். பல நேரம் குடிக்காமலே வைத்துவிடுவார்.

தண்ணீரைச் சோதித்துச் சொல்லும் ஒரு சின்ன ஆய்வகத்தில் அவர் கெமிஸ்ட். நான் வேனில் போய் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வருகிறவன். அக்கா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் 'ராமன் அக்கா'தான். காரணம் அவருடைய ராமன் கருவி. எதைக் கேட்டாலும், "இரு, ராமன்கிட்ட கேட்டுட்டு சொல்றேன்" என்பார்.

சுங்கை சிப்புட் பக்கம் பழைய எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் இருக்கும் செல்வி, கோயில் திருவிழாவுக்கு அக்கா போயிருந்தபோது கேட்டேவிட்டாள். "ராமன் யாருக்கா, வீட்டுக்காரரா?"

"வீட்டுக்காரரா இருந்தா பொய் சொல்லுவாருலா. இது சொல்லாது."

ஒரு பொருள்மேல் லேசரை அடித்தால், திரும்பி வரும் வெளிச்சத்தில் அந்தப் பொருளின் கைரேகை இருக்குமாம். தண்ணீரில் துளியூண்டு கலந்த விஷத்துக்கு அந்த ரேகை ரொம்ப மங்கல். அதற்குத்தான் வெள்ளி. கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள் பூசிய கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு விட்டால் ரேகை பளிச்சென்று வந்துவிடும். "சும்மா இருந்தா முணுமுணுக்கும். வெள்ளி மேல உக்கார வச்சா கத்தும்" என்பார். அக்கா கத்துவதற்கு வெள்ளிகூடத் தேவையில்லை.

கருவி இருந்த அறைக்குள் சென்ட், தலை எண்ணெய், கறிபஃப் எதற்கும் அனுமதி இல்லை. ஒருமுறை பாஸ் முகத்தில் ஏதோ வாசனைத் தண்ணியைத் தடவிக்கொண்டு உள்ளே போனார். "உங்க மூஞ்சில இருக்கிறது என் சில்லுல வந்து உக்காந்துருச்சு, வெளிய போங்க!" என்று விரட்டினார் அக்கா. அன்று முழுக்க சொந்தக் கம்பெனி வாசலின் ஐந்தடி நடைபாதையில் நின்றே போன் பேசினார் பாஸ்.

லயத்துக்கு மேலே, ஈயம் தோண்டி விட்ட பழைய குட்டைகளில், தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் முதலாளி ஒருவர் மீன் வளர்த்தார். செல்வியின் புருஷனுக்கும் லயத்தில் பாதிப் பேருக்கும் அங்கேதான் வேலை. குட்டைத் தண்ணீர் வழிந்து கீழே ஓடைக்கு வரும். ஓடையில்தான் பிள்ளைகள் குளிக்கும். தவுக்கே எங்களிடம் செய்துகொள்ளும் வழக்கமான சோதனை முடிந்து மிஞ்சிய குட்டைத் தண்ணீரில் ஒரு சொட்டை அக்கா வெள்ளியில் விட்டார். திரையைப் பார்த்தார். யாரையும் திட்டவில்லை.

புதுச் சில்லை எடுத்து மறுபடி பார்த்தார். அதே ரேகை. மீனுக்குப் பூஞ்சை பிடிக்காமலிருக்க ஊற்றும் பச்சைச் சாயம். தடை செய்தது, புற்றுநோய் வரும் என்று பயப்படுகிறார்கள்.

"அவன் கேட்டது புளிப்பும் ஆக்சிஜனும்தான். கேக்காதத நீ ஏன்லா பாக்கற?" என்றார் பாஸ். "உன் ராமன் சொன்னா அரசாங்கத்துல எவனும் ஒத்துக்க மாட்டான்."

"அவங்க ஒத்துக்கற மிஷின் இருக்கற லேபுக்கு அனுப்புங்க."

பாஸ் அனுப்பவில்லை. அந்த ஞாயிறு அக்கா லயத்துக் கோயில் மண்டபத்துக்கே போய்விட்டார். நான்தான் வேன் ஓட்டினேன். "ஓடைல பிள்ளைங்கள எறக்காதீங்க. அந்த மீனையும் திங்காதீங்க" என்றார்.

"மீனு செத்துச்சா? பிள்ளைங்களுக்கு ஏதாச்சும் ஆச்சா?" என்றாள் செல்வி.

"இன்னிக்கு ஒண்ணும் தெரியாதுலா. உள்ள போயிக்கிட்டே இருந்தா..."

"போன திருவிழாவுல எங்க சர்பத்தையே குத்தம் சொன்னவங்கதான நீங்க?"

மண்டபமே சிரித்தது. பின்னால் இருந்து ஒருவன், "ராமன் என்ன சொல்றாரு? சீதை எங்கயாம்?" என்று கத்தினான். அக்கா படியிறங்கி வந்து வேனில் உட்கார்ந்தார்.

பிறகு அவரே அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டார். விஷயம் எப்படியோ தவுக்கேயின் காதுக்கு எட்டிவிட்டது. அதிகாரிகள் வந்தபோது குட்டைகள் இறைத்துக் கழுவி, புதுத்தண்ணீர் நிரம்பிப் பளபளவென்று இருந்தன. ஒன்றும் அகப்படவில்லை. இறைத்த தண்ணீரெல்லாம் எங்கே போனது? அந்த ஓடைக்குத்தான். விஷத்தைக் கண்டுபிடித்துச் சொன்னதற்குப் பலன், அதை மொத்தமாக ஒரே நாளில் பிள்ளைகள் குளிக்கிற இடத்துக்கு அனுப்பி வைத்ததுதான்.

அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தவுக்கேயும் ரோஷத்தில் வேறு ஆய்வகம் பார்த்துக்கொண்டார். அந்தக் கருவி இப்போது போர்வை போர்த்திக் கிடக்கிறது. தீபாவளிக்கு அதன்மேல்தான் முறுக்குத் தட்டை வைத்தார்கள்.

அண்மையில் லயத்துப் பக்கம் போனேன். ஓடையில் ஒரு பிள்ளைகூட இல்லை. செல்வி வாசல் குழாயடியில் மகனுக்குத் தலை தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு என்னைப் பார்க்காமலே, "சும்மாதான்ணே. அந்தக்கா சொன்னது மனசுல கெடந்து அரிக்குது" என்றாள்.

இதைச் சொல்வதற்காகவே சிலிம் ரிவர் ஊருக்குப் போனேன். அக்கா அங்கே டியூஷன் எடுக்கிறார். முடி நரைத்திருந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"சாப்ட்டியாலா?" என்றார்.

வழியில் வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தேன். "இல்லக்கா" என்றேன்.