பதினேழு நாள் நேர்முகம்

வேலை கொடுப்பது பெரிய காரியமல்ல; மனம் இரங்கினால் யாரும் கொடுத்துவிடலாம். ஆனால் 'தெரிவு செய்வது' ஒரு தவம். அந்தத் தவத்தை நெடுங்கேணிச் சந்தியில் இயற்றி உலகுக்குக் காட்டிய பெருமை திருவாளர் கதிர்காமநாதன் அவர்களையே சாரும். முகாமைத்துவத்தின் வரலாற்றை இனி எழுதுகிறவர்கள் 'நெடுங்கேணிக்கு முன்', 'நெடுங்கேணிக்குப் பின்' என்று இரண்டு பாகமாகப் பிரித்தே எழுதவேண்டியிருக்கும்.

கதிர்காமநாதன் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் 'செல்வச்சந்தி சூப்பர் மார்க்கெட்' என்று ஒரு கடை கட்டினார். கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, தள்ளுவண்டி எல்லாம் வந்திறங்கின. கதவில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டது: 'எமது குடும்பத்தில் இணைய ஓர் அரிய வாய்ப்பு. விற்பனை உதவியாளர் நால்வர் தேவை.' குடும்பத்தில் இணைய முப்பத்தொரு பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் ஒருத்தி பத்மாசனி.

பத்மாசனிக்கு முப்பத்தெட்டு வயது. கூட்டுறவுச் சங்கக் கடையில் ஒன்பது வருடம் அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுத்தவள். அந்தக் கடையை மூடிவிட்டார்கள். கணவன் சிவகரன் மேசன் வேலைக்குப் போன இடத்தில் மதிலிலிருந்து விழுந்து, இடுப்பு நோவோடு வீட்டில் இருந்தான். மகளுக்கு இந்த வருடம் சாதாரணதரப் பரீட்சை. குவைத்துக்கு வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற முகவர் ஒருவர் பத்மாசனியின் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, மாத முடிவுக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார். நாலு இடத்தில் ஓர் இடம் கிடைத்துவிட்டால், பிள்ளையைப் பரீட்சை மேசையில் விட்டுவிட்டு அவள் விமானம் ஏறத் தேவையில்லை.

முதலாம் சுற்று ஒரு திங்கட்கிழமை நடந்தது. நடுக் கதிரையில் கதிர்காமநாதன். அருகில் 'மனிதவள ஆலோசகர்' கிருசாந்தன். இருபத்தாறு வயது, கழுத்துப்பட்டி, மடிக்கணினி.

"அஞ்சு வருசத்துக்குப் பிறகு உங்களை நீங்கள் எங்கை காணுறியள், அக்கா?" என்று கிருசாந்தன் தொடங்கினான்.

பத்மாசனி யன்னலால் எட்டிப் பார்த்தாள். "இஞ்சைதான் சேர். வீடு சந்தியிலை இருந்து அரைக் கட்டைதான்."

"உங்கடை பலவீனம் என்ன?"

"வலது முழங்கால் சேர். மாரிக்குப் பிடிக்கும்."

"நீங்கள் ஒரு மரக்கறியாய்ப் பிறந்திருந்தால், எந்த மரக்கறியாய்ப் பிறந்திருப்பியள்?"

இதை அவள் கொஞ்சம் யோசித்தாள். வேலைக் கேள்வியல்லவா! "வெங்காயம் சேர்."

"ஏன் வெங்காயம்?"

"எறிஞ்சு விட்டாலும் கனநாள் பழுதாகாமல் கிடக்கும்."

கிருசாந்தனின் கண் மின்னியது. 'தாங்கும் திறன்: அதியுயர்' என்று தட்டச்சு செய்தான். கதிர்காமநாதன் எழுந்து நின்று கை கொடுத்தார். "இரண்டாம் சுற்றுக்கு வாங்கோ தங்கச்சி."

முப்பத்தொரு பேரும் இரண்டாம் சுற்றுக்குத் தெரிவானார்கள். அந்தப் பிரதேசத்தில் எந்தப் பரீட்சையிலும் இப்படியொரு பெறுபேறு வந்ததில்லை.

இரண்டாம் சுற்றின் பெயர் 'தலைமைத்துவச் சுற்று'. காலையில் வவுனியாவிலிருந்து அரிசி மூட்டைகளோடு லொறி வந்து நின்றது. "இதைச் சுமக்கிற வேலை எண்டு நினையாதேங்கோ," என்று கதிர்காமநாதன் விளக்கினார். "தலைமைத்துவம் எண்டு நினையுங்கோ." தலைமைத்துவம் ஒவ்வொன்றும் ஐம்பது கிலோ இருந்தது. ஆண்கள் முதுகில் ஏற்றினார்கள். பெண்கள் இரண்டிரண்டு பேராகப் பிடித்து இழுத்தார்கள். கிருசாந்தன் பக்கத்தில் நின்று, யார் சிரித்துக்கொண்டே தூக்குகிறார்கள் என்று புள்ளி போட்டான்.

மூன்றாவது 'நுண்ணறிவுச் சுற்று': பருப்பையும் பால்மாவையும் தட்டுகளில் அடுக்கி விலை ஒட்டுவது. நாலாவது 'அழகியல் சுற்று': கண்ணாடி துடைத்து நிலம் கழுவுவது. ஐந்தாவது 'பணிவுச் சுற்று' கழிவறையில் நடைபெற்றது. பத்மாசனி எல்லாவற்றிலும் முதலாவதாக வந்தாள். ஒவ்வொரு பின்னேரமும் கதிர்காமநாதன் அவளைத் தனியே கூப்பிட்டு, "நீங்கள் கிட்டத்தட்ட எடுபட்ட மாதிரித்தான்," என்றார். அந்தக் 'கிட்டத்தட்ட'வை நம்பி அவள் அடுத்த நாள் இன்னும் கால் மணித்தியாலம் முந்திப் போனாள்.

"இன்னும் எத்தினை சுற்றாம்?" என்று கேட்டான் சிவகரன்.

"தெரியேல்லை. கோயிலைச் சுத்தினாலும் மூண்டோடை விடுவினம்."

"முகவர் திருப்பியும் போன் எடுத்தவர்."

அவள் முழங்காலுக்கு எண்ணெய் பூசினாள். உள்ளே மகள் விஞ்ஞானப் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள் பத்மாசனி.

ஒன்பதாம் நாள் நாடா வெட்டி, மங்கள விளக்கேற்றிக் கடை திறக்கப்பட்டது. 'நேரடி அனுபவச் சுற்று' ஆரம்பமாயிற்று. முப்பத்தொரு பேருக்கும் 'பரீட்சார்த்தி' என்று அச்சடித்த பச்சை அட்டை கழுத்தில் தொங்கியது. பத்மாசனியைக் காசு வாங்கும் மேசையில் நிறுத்தினார்கள். சங்கக் கடையில் அவளிடம் சாமான் வாங்கிய அன்னபாக்கியம் கூடையோடு வந்து நின்றார்.

"இஞ்சையே பிள்ளை வேலை?"

"இல்லை அம்மா. நேர்முகத்திலை நிக்கிறன்."

அன்னபாக்கியம் கழுத்து அட்டையைப் பார்த்தார். "எப்ப தொடங்கினது?"

"போன கிழமை, திங்கட்கிழமை."

"அப்ப கனக்கக் கேள்வி கேட்கினம் போலை."

"கேள்வி முதல் நாளோடை முடிஞ்சுது அம்மா. இப்ப பதில்தான் சொல்லிக்கொண்டு நிக்கிறம்." இரண்டு கிலோ சீனியைத் தூக்கிப் பைக்குள் வைத்தாள்.

அன்னபாக்கியம் இந்த அதிசயத்தை அன்றே வவுனியாவில் இருக்கும் தன் மருமகளுக்குப் போனில் சொன்னார். மருமகள் சுகந்தினி, சம்பளம் கொடுக்காத முதலாளிகளை விசாரிக்கிற தொழில் திணைக்கள அலுவலர்.

பதினேழாம் நாள், புதன்கிழமை, சுகந்தினி வருகிறா என்ற செய்தி அவா வருவதற்கு அரை மணித்தியாலம் முந்திக் கடைக்கு வந்தது. கதிர்காமநாதன் எல்லோரையும் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் கூட்டினார்.

"ஆரும் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கோ. வேலை இல்லை, நேர்முகத்துக்கு வந்தனாங்கள் எண்டு. நாளைக்கு முடிவு. நாலு பேரின்ரை பேரும் எழுதி வைச்சாச்சு." சட்டைப் பையைத் தட்டிக் காட்டிவிட்டுப் பத்மாசனியைப் பார்த்தார். "உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லைத்தானே."

முகவருக்குப் பதில் சொல்லவேண்டிய கடைசி நாளும் நாளைதான்.

சுகந்தினி குடையை வாசலில் மடித்து வைத்துவிட்டு உள்ளே வந்தா. "இஞ்சை எத்தினை ஊழியர்?"

"ஒருத்தரும் இல்லை மிஸ்," என்றார் கதிர்காமநாதன் அடக்கத்தோடு.

"அப்ப இவை?"

"எங்கடை குடும்பம்."

சுகந்தினி அந்தப் பெரிய குடும்பத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தா. பிறகு நேரே பத்மாசனியின் மேசைக்கு வந்தா. "நீங்கள் இஞ்சை வேலை செய்யிறியளோ?"

அலுவலரின் தோளுக்கு மேலால் கதிர்காமநாதன் சிரித்துக்கொண்டு நின்றார். விரல் சட்டைப் பையில் தாளம் போட்டது. ஒரு 'இல்லை' சொன்னால் நாளைக்கு வேலை. ஆனால் 'இல்லை' என்றால் இந்தப் பதினேழு நாளும் தான் எங்கே நின்றாள் என்பது பத்மாசனிக்கே விளங்கவில்லை.

"ஓம் மிஸ். பதினேழு நாளாய்."

"தங்கச்சி, யோசிச்சுச் சொல்லுங்கோ," என்றார் கதிர்காமநாதன்.

"யோசிச்சுத்தான் சேர்."

அடுத்த மேசையிலிருந்து "ஓம்" என்று ஒரு குரல் வந்தது. பால்மாத் தட்டுக்குப் பின்னாலிருந்து இன்னொரு "ஓம்". கழிவறைப் பக்கமிருந்து தும்புத்தடியோடு வந்த ஒருத்தர் "நானும் ஓம்" என்றார். முப்பத்தொரு பேரும் சொல்லி முடித்தார்கள். நெடுங்கேணியில் எந்தத் திருவிழாவிலும் இத்தனை 'ஓம்' ஒரே மூச்சில் ஒலித்ததில்லை.

"கிருசாந்தன், நீர் சொல்லும்!" கதிர்காமநாதனின் குரல் உயர்ந்தது. "இது நவீன தெரிவு முறைதானே?"

கிருசாந்தன் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினான். "மிஸ், என்ரை பேரையும் எழுதுங்கோ. மனிதவள ஆலோசகர் பதவிக்கு நாலு மாசமாய் நேர்முகத்திலை நிக்கிறன்."

சுகந்தினி மத்தியானம் வரை எழுதினா. எழுதியது போதாதென்று இரண்டாம் முறையும் வந்தா. முடிவில் முப்பத்தொரு பேருக்கும் செய்த வேலைக்குச் சம்பளம் வந்தது, கிருசாந்தனுக்கும் வந்தது. நாலு பேரை வைத்துக் கடை ஓடாது என்பது தெரியவந்து, பதினொரு பேருக்கு நியமனக் கடிதம் கொடுக்கப்பட்டது. முதல் கடிதம் பத்மாசனிக்கு. முகவரிடம் கடவுச்சீட்டை வாங்கப் போனபோது அவர் கேட்டார்: "வேலை கிடைச்சிட்டுதோ?"

"அது அப்பவே கிடைச்சது. இப்பதான் ஒத்துக்கொண்டவை."

அந்த வருடக் கடைசியில் ஒரு வர்த்தகர் சங்கம் 'சிறந்த தொழில் வழங்குநர்' விருதைக் கதிர்காமநாதனுக்கு வழங்கிக் கௌரவித்தது. 'ஊழியர்களுக்கு மாதந்தோறும் சம்பளம் வழங்கிவருவதைப் பாராட்டி' என்று கேடயத்தில் பொறித்திருந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். அவர் மனிதநேயம் பற்றி நாற்பது நிமிடம் பேசினார்.

கடைசி வரிசையில் கை தட்டிக்கொண்டிருந்த பத்மாசனி பக்கத்துக் கதிரையில் இருந்த கிருசாந்தனிடம் குனிந்து கேட்டாள்: "வேறை ஒருத்தரும் போட்டிக்கு வரேல்லையோ?"

"பன்னிரண்டு நிறுவனம் வந்தது அக்கா," என்றான் கிருசாந்தன். "எல்லாம் அந்த மாதச் சம்பள நிபந்தனையிலை தவறிப்போச்சாம்."