'ட்யூ டு' இன்பராஜ்

காரணம் சொல்கிறவர்களில் ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அப்படியே பார்க்கவில்லை என்றாலும் குறையில்லை, அருப்புக்கோட்டைக்கு ஒரு பஸ் ஏறுங்கள், இறங்கிய இடத்தில் ஏதாவது ஒரு கடைக்குள் நுழையுங்கள், "நேத்தே வந்துரும்னு சொன்ன சாமான் இன்னும் ஏன் வரல?" என்று கேளுங்கள். கேள்வி தமிழில்தான் போகும். பதில் இங்கிலீஷில் திரும்பி வந்தால் தெரிந்துகொள்ளுங்கள், தப்பு அவர் பேரில்.

இந்த இனத்தில் முதல் தரம் நம்முடைய இன்பராஜ். பெயிண்ட் கடைக்காரர். சிரிப்பது, திட்டுவது, சாமி கும்பிடுவது, கடன் கேட்க வந்தவனிடம் அழுவது எல்லாம் அசல் ஊர்த் தமிழில்தான். தான் செய்த காரியம் ஒன்று கெட்டு, "ஏன்?" என்று யாராவது கேட்டுவிட்டால் மட்டும் ஆள் மாறிப்போவார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிடுவார், தொண்டையைச் செருமுவார், கல்லாப்பெட்டியில் ஒரு கையை ஊன்றிக்கொள்வார். பிறகு வரும், "ட்யூ டு..."

யார் கற்றுக்கொடுத்தது? பெயிண்ட் கம்பெனிதான். லோடு வராதபோதெல்லாம் கம்பெனி அவருக்கு ஒரு மெயில் போடும். ட்யூ டு இன்னது, கான்சிக்வென்ட்லி அன்னது. வண்டியை அனுப்ப மறந்தவன் யார், அனுப்பாமல் தூங்கியவன் யார் என்று அந்த மெயிலைத் தலைகீழாகப் பிடித்து உதறினாலும் ஓர் ஆள் விழ மாட்டான். இன்பராஜ் சொக்கிப்போனார். தமிழில் காரணம் சொன்னால் ஏன் யாராவது ஒருத்தன் வந்து நடுவில் நிற்கிறான், இங்கிலீஷ்காரன் சொன்னால் எப்படி எல்லாம் மழை மாதிரி வெயில் மாதிரி தானாக நடந்துவிடுகிறது என்று யோசித்து, அன்றைக்கே அந்த மொழிக்கு ஆளாகிவிட்டார். அந்த மொழியிலும் 'ஐ ஃபர்காட்' என்று சின்னதாக, நாணயமாக ஒரு வாக்கியம் இருக்கிறது. இன்பராஜ் அது இருக்கும் பக்கமே போனதில்லை.

அவரிடம் ஒரு கணக்கு உண்டு. தன் தப்புக்கு 'ட்யூ டு'. அடுத்தவர் தப்புக்கு விரலை நீட்டி 'பிகாஸ் ஆஃப் யூ'. எங்கேயாவது ஏதாவது நல்லது நடந்து, அந்தப் பக்கமாக அவர் ஒரு தடவை நடந்து போயிருந்தாலும் 'தேர்ஃபோர்'. இதில் ஒன்று இடம் மாறி வந்து யாரும் கேட்டதில்லை.

பரளச்சி பால்பாண்டி புதுவீட்டுக்கு இவரிடம்தான் பெயிண்ட் வாங்கினார். பொங்கலுக்கு அடித்தது சித்திரையில் சுவரைவிட்டு அப்பளமாக உரிந்து வந்தது. டப்பா தேதி முடிந்த சரக்கு. அது இன்பராஜுக்கும் தெரியும், டப்பாவுக்கும் தெரியும்.

"ட்யூ டு எக்சசிவ் மாய்ஸ்ச்சர், பால்பாண்டி. சுவத்துல ஈரம். அஸ் எ ரிசல்ட், பீலிங்."

"ஈரமா? எங்க ஊர்லயா?" பால்பாண்டி கடைப்பையனைக்கூடப் பார்த்துவிட்டார், தான் கேட்டது நிஜந்தானா என்று. "எந்தச் சுவருன்னு மட்டும் சொல்லுங்கண்ணாச்சி. அங்கனயே ஒரு போரு போட்டுக்கிடுறேன்."

வீட்டிலும் இதே கதைதான். காஸ் சிலிண்டர் புக் பண்ண மறந்துவிட்டு, "ட்யூ டு நெட்வொர்க் இஷ்யூ" என்பார். அவர் மனைவி சௌந்தரம் கரண்டியும் கையுமாக வந்து நிற்பாள். "மறந்துட்டேன்னு சொன்னா வாயில இருக்குற முத்து உதிந்துருமா?" உதிர்ந்துவிடும் என்றுதான் அவர் நம்பினார்.

சிலிண்டரோடும் சுவரோடும் போயிருந்தால் நமக்கென்ன, சிரித்துவிட்டுப் போகலாம். அது மகள் கல்யாணத்தில் வந்து நின்றது.

சுவாதி கணக்கு டீச்சர். விருதுநகர்ப் பக்கம் ஓர் இடம் கூடிவந்து, தட்டு மாற்ற நாளும் குறித்தாயிற்று. அன்று காலையில் பரளச்சியில் ஒரு செல்போன் கடைத் திறப்பு விழா. ரிப்பன் வெட்ட இன்பராஜைக் கூப்பிட்டிருந்தார்கள், சால்வை உண்டு. போய்விட்டு ஓடி வந்துவிடலாம் என்றுதான் போனார். ரிப்பன், சால்வை, போட்டோ, மைக். மைக்கைப் பார்த்ததும் வீடு மறந்தது. இங்கே மாப்பிள்ளை வீட்டார் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்து, எமகண்டம் வந்ததும் எழுந்து போய்விட்டார்கள். அந்த இடம் அதோடு முடிந்தது.

பிறகு திருச்சுழியிலிருந்து ஓர் இடம் வந்தது. மாப்பிள்ளை மதன்குமார், அம்மா அழகுத்தாய். ஜவுளிக்கடை வைத்து ஆயிரம் பேரைப் பார்த்த அம்மா. பையனுக்கு சுவாதியைப் பிடித்திருந்தது, சுவாதிக்கும்தான். அது இருவர் முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. வடையைப் பிட்டுக்கொண்டே அந்தம்மா சாதாரணமாகத்தான் கேட்டார்.

"முன்னாடி ஒரு இடம் தட்டு மாத்துற வரைக்கும் வந்து நின்னுபோச்சாமே, ஏண்ணே?"

இன்பராஜ் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

"ட்யூ டு அன்அவாய்டபிள் சர்க்கம்ஸ்டன்சஸ்மா."

அழகுத்தாய் வடையைக் கீழே வைத்தார். "பிள்ளைக்கு மேலுக்கு எதுவும் முடியாம இருந்துச்சா?"

"சேச்சே! சம் இன்டர்னல் ரீசன்ஸ்."

"வேற எங்கயும் மனசு கினசு..."

"நோ, நோ! இட் வாஸ் அஸ் எ ரிசல்ட் ஆஃப்..."

தொண்டைவரைக்கும் தமிழ் வந்துவிட்டதுதான். 'நான் ரிப்பன் வெட்டப் போயிட்டேன்மா.' அவ்வளவே. ஆனால் அதைச் சொன்னால் அந்த வாக்கியத்தின் வாசலிலேயே அவர் சால்வையோடு நிற்க வேண்டியிருக்கும். எச்சிலோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

சுவாதிதான் பேசினாள். "அத்தை, எங்கப்பா அன்னைக்கு வரல. பரளச்சியில ஒரு கடை திறக்கப் போயிட்டாக. வந்தவுக காத்துக் கெடந்து பாத்துட்டுப் போயிட்டாக. வேற ஒண்ணுமில்ல."

"இம்புட்டுத்தானா!" அழகுத்தாய் குலுங்கிச் சிரித்தார். "எங்க வீட்டுக்காரவுக தாலி கட்டுற நேரத்துல பனியன் வாங்கப் போனவுகத்தா! அதுக்காக நான் எந்திச்சா போயிட்டேன்?" கூடம் முழுவதும் சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் அவர் இன்பராஜைப் பார்த்துத் திரும்பினார். "அப்படித்தானாண்ணே?"

'ஆமா' என்றால் போதும். தலையை ஆட்டினால்கூடப் போதும்.

"ஆக்சுவலி, இட் வாஸ் ட்யூ டு எ கம்யூனிகேஷன் கேப்."

சிரிப்பு நின்றது. பிள்ளை ஒன்று சொல்கிறது, அப்பன் ஒன்று சொல்கிறார், எதுவோ இருக்கிறது என்று அந்தம்மா முகத்தில் தெரிந்தது. "ஊருக்குப் போயிச் சொல்லி விடுறோம்" என்று எழுந்துகொண்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் கடையில் இன்பராஜ் நியாயம் பேசிக்கொண்டிருந்தார். "அருமையான இடம்ய்யா. கெட்டுப்போச்சு. பிகாஸ் ஆஃப் மை டாட்டர். பெரியவுக பேசயில குறுக்க பேசுனா?" வண்டிச் சாவி வாங்க வந்த சுவாதி படியில் நின்று முழுவதையும் கேட்டாள். அழவில்லை. அழுகை வரும் இடத்தைத் தாண்டி எரிச்சல் வந்துவிட்டது. சாவியை எடுத்துக்கொண்டு போய், தெருமுனையிலிருந்தே அழகுத்தாய்க்குப் போன் போட்டாள்.

"அத்தை, நான் சொன்னதுதான் நெசம். எங்கப்பாவுக்குத் தான் செஞ்சத ஒத்துக்கிட வாய் வராது. நீங்க யாருகிட்ட வேணாலும் விசாரிச்சுக்கோங்க."

அழகுத்தாயும் ஜவுளிக்கடை நடத்துகிறவர்தானே, எது கெட்டிச் சாயம் என்று தெரியாதா?

"சரித்தா, நாங்க வாரோம். உங்கப்பா கடைக்குப் போற நாளாப் பாத்துச் சொல்லு."

அப்படியேதான் நடந்தது. தட்டைச் சௌந்தரமே கைநீட்டி வாங்கிக்கொண்டாள். அந்த நேரத்தில் இன்பராஜ், வீட்டில் சொல்லி வைத்தபடி கடையிலேயே உட்கார்ந்து, யாரும் கேட்காத ஒரு டப்பாவைத் திறந்து கலக்கிக்கொண்டிருந்தார். பெண்ணைப் பெற்றவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று கேட்கிறீர்களா? வலித்தது. நன்றாக வலித்தது. அந்நேரம் பார்த்துப் பால்பாண்டி சுண்ணாம்பு வாங்க வந்து சேர்ந்தார்.

"என்னண்ணாச்சி, வீட்ல மகளுக்குத் தட்டு மாத்துறாகளாம்ல? நீங்க இங்கன உக்காந்திருக்கீக?"

கண்ணாடி ஏறியது. தொண்டை செருமியது. "ட்யூ டு..." என்றார். "ட்யூ டு..." என்றார் மறுபடியும். கம்பெனி மெயில் அத்தனையையும் மனசுக்குள் புரட்டிப் பார்த்தும் அதற்குமேல் போடுவதற்கு ஒரு வார்த்தை அகப்படவில்லை. பால்பாண்டி காத்திருந்து பார்த்துவிட்டு, சுண்ணாம்பைத் தானே எடுத்துக்கொண்டு போனார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். நீங்கள் அந்த இனமில்லைதான். போன வாரம் சிநேகிதர் வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் வீட்டில் படுத்துக் கிடந்துவிட்டு, மறுநாள் ஒரு மெசேஜ் தட்டினீர்களே, அதைக் கொஞ்சம் எடுத்துப் படித்துவிட்டு வாருங்கள். அதில் எங்கேயாவது நீங்கள் இருக்கிறீர்களா?