கிராணியின் தாடி

அம்சவள்ளி விழவில்லை. விழப் போனாள். ஐஸ்பெட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டதால் அவள் தப்பித்தாள். கதவில் அடுக்கியிருந்த முட்டைகள் தப்பிக்கவில்லை.

ஏழு மாத வயிறு. கீழே வழவழவென்று டைல்ஸ். டைல்ஸ் மேல் தண்ணீர்.

"மாமா, கொஞ்சம் உள்ள வந்து பாருங்க" என்றாள். கத்தவில்லை. மருமகள் கத்தாதபோதுதான் செல்லையாவுக்குப் பயம் வரும்.

அவர் உள்ளே வருவதற்குள் நாய் வந்துவிட்டது. தாடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. வெட்டிய ஆள் கத்தியோடு போலீஸ் ஸ்டேஷனுக்குள் நடந்து வந்த மாதிரி நடுவில் வந்து நின்றது.

"கிராணி, என்னடா இது?" என்றார் செல்லையா.

கிராணி வாலை ஆட்டியது.

செல்லையா எஸ்டேட்டில் செம்பனைக் குலை வெட்டிய காலத்தில் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் இருந்தார். தாடி வைத்தவர். சம்பளக் கணக்கு, லீவு, லயத்து வீட்டுக் கூரை ஒழுகுவது, எதைப் பற்றிக் கேட்டாலும் நிமிர்ந்து பார்க்காமல் "அப்புறம் வா" என்பார். வேலையை விட்டு, பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனில் மகன் வாங்கிய வீட்டுக்கு வந்த பிறகு, காய்கறிப் பாசார் பின்பக்கம் கிடந்த தாடி முளைத்த குட்டி ஒன்றை செல்லையா தூக்கி வந்தார். வேறு பெயர் அவருக்குத் தோன்றவே இல்லை. "கிராணி, உட்காரு." "கிராணி, அப்புறம் வா." நாளைக்கு எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு அலுக்காது.

அந்த நாயைத் தவிர அவர் நம்பியது குறைவு. மீன்காரன் தராசை நம்பமாட்டார். டிவியில் மழை வரும் என்று சொன்னால் துணியை வெளியில் காயப்போடுவார். பல் டாக்டர் செய்து கொடுத்த பல் செட் பிஸ்கட் டின்னில் கிடந்தது. "முன்னப் பின்னத் தெரியாதவன் செஞ்ச பல்ல வாயில வச்சிக்கிட்டு எப்படித் தூங்குறது?" என்று கேட்டார்.

சாயங்காலம் ரவாங் தொழிற்சாலையிலிருந்து சுகுமாரன் வந்தான். மனைவி சொன்னதைக் கேட்டான். முட்டை ஓட்டைப் பார்த்தான்.

"அப்பா, இதோட எத்தனை வாட்டி? இப்ப இவ விழுந்திருந்தா?"

"விழலயே."

"ஞாயித்துக்கிழம வரைக்கும்தான். அதுக்குள்ள தரை காயணும். இல்லன்னா மீன்காரர் தீபன் வேன்ல ஏத்தி விட்டுருவேன். பாசிர் பெனம்பாங்ல அவர் மாமா மீன் கொட்டாய்க்கு நாய் தேடுறாராம்."

"மீன் கொட்டாய்க்கு நாய் எதுக்கு?"

"பூனைய விரட்ட."

செல்லையா நாயைப் பார்த்தார். பூனையைக் கண்டால் அவர் கால்களுக்கு நடுவில் ஒளியும் நாய் அது.

"அப்பா, நீங்க இந்த வீட்ல யாரையாச்சும் நம்புறீங்களா?"

"கிராணிய நம்புறேன்" என்றார் செல்லையா.

மறுநாள் காலையில் வேலையைத் தொடங்கினார். ஒரு காரியம் கெட்டால் அது எங்கே கெடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். நாய் எப்படித் தண்ணீர் குடிக்கிறது என்று இத்தனை வருடத்தில் அவர் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. கார் நிறுத்தும் இடத்தில் கிராணியின் தண்ணீர்ச் சட்டிக்குப் பக்கத்தில் தரையோடு தரையாகக் குப்புறப் படுத்துப் பார்த்தார்.

ஆச்சரியமாகத்தான் இருந்தது. நாக்கை முன்பக்கம் வளைத்து மொண்டு குடிக்கும் என்று நினைத்திருந்தார். அது பின்பக்கம் வளைத்தது, கரண்டியைத் தலைகீழாகப் பிடித்துக் குழம்பு ஊற்றுகிற மாதிரி. இப்படிக் குடித்தால் பாதி வெளியில் போகாமல் என்ன செய்யும்?

"அண்ணே, மயக்கமா?" என்று சுவருக்கு மேலாகக் கேட்டாள் பக்கத்து வீட்டு மோகனா.

"நாய் தண்ணி குடிக்கிறதப் பாக்குறேன்."

"சரி, பாருங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்த் தன் வீட்டுக்காரனையும் கூட்டி வந்து காட்டினாள்.

செல்லையா கவலைப்படவில்லை. சட்டிக்கு அடியில் அகலமான ரொட்டித் தட்டு ஒன்றை வைத்தார். சட்டிக்குள் தண்ணீர் மட்டத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டார். பிறகு உள்ளே போய்த் தன் செம்பை நிரப்பிக்கொண்டார்.

அந்தச் செம்பு எப்போதும் அவர் கையில் இருக்கும். சிறுநீரகத்தில் கல் இருக்கிறது, நிறையத் தண்ணீர் குடி என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த ஒரு பேச்சை மட்டும் செல்லையா நம்பினார். தண்ணீர் குடிக்கச் சொல்வதில் டாக்டருக்கு என்ன லாபம்? அதனால் ஐஸ்பெட்டி ஓரம் வைத்திருக்கும் ஆறின வெந்நீரை ஊற்றிக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலெல்லாம் குடித்துக்கொண்டிருந்தார். செம்பில் வாய் வைக்கமாட்டார். அண்ணாந்து ஊற்றிக்கொள்வார். அப்படிக் குடிக்கும்போது கூரை மூலையில் ஒட்டடை இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

"அம்சா, அந்த மூலையில ஒட்டட" என்றார்.

"சரிங்க மாமா."

மத்தியானம் சட்டியைப் போய்ப் பார்த்தார். தட்டில் ஒரு துளி ஈரம் இல்லை. கோடும் தண்ணீரும் போட்ட இடத்திலேயே இருந்தன. ஆனால் கிராணியின் தாடி ஈரம். ஹாலில் நாற்காலியைச் சுற்றி ஈரம். அங்கிருந்து வாசல் வரை சொட்டுச் சொட்டாக வரிசை.

செல்லையா தலையைச் சொறிந்தார். சட்டியில் குறையவில்லை. தாடி நனைந்திருக்கிறது. அப்படியென்றால் கிராணி வேறெங்கோ குடிக்கிறது. எங்கே?

சுவரோரம் போய் நின்றார்.

"மோகனா, நீ என் நாய்க்குத் தண்ணி வைக்கிறியா?"

"உங்க நாய்க்கா? போன மாசம் எம் பிள்ளையோட சிலிப்பர இழுத்துக்கிட்டுப் போச்சி. கேட்டத் தாண்டி வந்தா நான் தண்ணி வைக்க மாட்டேண்ணே, தண்ணி ஊத்துவேன். சுடு தண்ணி."

"பின்ன எங்க குடிக்கிது?"

"அதுகிட்டயே கேளுங்கலா."

சுடு தண்ணீர் என்று வாய்விட்டுச் சொல்கிறவள் ரகசியமாகப் பச்சைத் தண்ணீர் வைக்கமாட்டாள். அவளை விட்டுவிட்டார். வேண்டா வெறுப்பாகத்தான் விட்டார்.

எங்கே குடித்தால் என்ன, கொண்டுவந்து சேர்ப்பது தாடிதானே. கத்தரிக்கோலை எடுத்தார். கிராணியை மடியில் போட்டுத் தாடியை ஒட்ட வெட்டினார். தாடி போனதும் அது கிராணி மாதிரியே இல்லை. யாரோ சின்னப் பையனைப் போல இருந்தது. அதற்கு அவமானமாகிவிட்டது. சுகுமாரன் கார் வந்து நின்றதும் அதற்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, கூப்பிடக் கூப்பிட வரவில்லை.

செல்லையாவுக்கு மனசு கேட்கவில்லை. கார் பக்கம் இரண்டு நடை, செம்பு பக்கம் ஒரு நடை என்று அலைந்தார்.

அன்றைக்கு ஹால் முன்னெப்போதும் இல்லாத மாதிரி நனைந்தது. அம்சவள்ளி மாப்பைப் பிழிந்தாள். பிழியப் பிழிய வந்தது.

"தாடிய வெட்டினீங்க, இன்னும் மோசமாயிருச்சி மாமா."

செல்லையா யோசித்துச் சொன்னார். "தாடி தண்ணியப் பிடிச்சி வச்சிருந்திருக்கு. இப்பப் பிடிக்க ஆளில்ல. எல்லாம் தரைக்கு வருது."

"நாய் கார் அடியில இல்ல இருந்திச்சி?"

அது நியாயமான கேள்வி. நியாயமான கேள்வி கேட்கிறவர்கள் மேல் செல்லையாவுக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

சனிக்கிழமை கடைசி முயற்சி. சட்டியை எடுத்துக்கொண்டு போய் வீட்டுப் பின்பக்கம் வைத்தார். கிராணியைச் சங்கிலியில் கட்டினார். சங்கிலியைக் குழாயில் சுற்றிப் பூட்டும் போட்டார். சாவி இடுப்பில். பின்வாசல் கிரில்லுக்கு உள்ளே நாற்காலி போட்டு, செம்போடு உட்கார்ந்துகொண்டார். இனி ஒரு துளி ஈரம் வந்தாலும் அது எப்படி வருகிறது என்று கண்ணால் பார்த்துவிடுவார்.

அவர் நாயைப் பார்த்தார். நாய் அவரைப் பார்த்தது.

சட்டியில் நிறையத் தண்ணீர் இருந்தது. அது சட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. வைத்த கண் வாங்காமல் அவரையே பார்த்தது. அவர் செம்பைத் தூக்கும்போதெல்லாம் எழுந்து நின்று முனகியது. சங்கிலியை இழுத்தது. தான் மட்டும் குடிக்கிறோமே என்று அவருக்குச் சங்கடமாக இருந்தது.

"உனக்கும்தான்டா வச்சிருக்கு. குடியேன்."

கிராணி இன்னும் பலமாக முனகியது.

வெயில் ஏறியது. குடித்தார். கண் சொக்கியது. தூங்கவில்லை என்று பிறகு சத்தியம் செய்தார். கண்ணைத் திறந்தபோது சட்டை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வேர்வை. குனிந்தார். காலடியில் குளம். நாற்காலிக்கு நான்கு பக்கமும் தண்ணீர்.

சங்கிலியைப் பார்த்தார். இருந்தது. பூட்டு இருந்தது. இடுப்பில் சாவி இருந்தது. சங்கிலியின் அந்த முனையில் கிராணியும் இருந்தது, காய்ந்த வாயோடு.

நாய் இல்லை. அப்படியென்றால் ஆள்.

இந்த வீட்டில் நாய் போக வேண்டும் என்று நினைக்கிற ஆள் யார்?

அம்சவள்ளி சமையற்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். செல்லையா வாசற்படியில் போய் நின்றார்.

"நீதான் ஊத்துற."

"எத மாமா?"

"தண்ணிய. நாய விரட்டணும்னு நீயே ஊத்தி வைக்கிற. எனக்குத் தெரிஞ்சி போச்சி."

அம்சவள்ளி கத்தியைக் கீழே வைத்தாள். அவரைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர். அது வெங்காயத்தாலா என்பதையும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஆமா மாமா. ஏழு மாச வயித்த வச்சிக்கிட்டு, நானே வழுக்கி விழணும்னு நானே தண்ணி ஊத்துறேன். ஊத்திட்டு, முதுகு வலிக்க நானே குனிஞ்சி தொடைக்கிறேன். போதுமா?"

சுகுமாரன் ஹாலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவன் எழுந்து வரவில்லை. போனை எடுத்தான்.

"தீபண்ணே, நாளைக்கு மீன் வித்து முடிச்சிட்டு நம்ம வீட்டுப் பக்கம் வாங்க. ஆமா, நாய்தான்."

அன்றைக்கு செல்லையா சாப்பிடவில்லை. கிராணிக்கும் சோறு இறங்கவில்லை. அவர் மருமகளைச் சந்தேகப்பட்டது தப்பு என்று அவருக்கே கொஞ்சம் தெரிந்தது. ஆனால் அவளும் இல்லை, நாயும் இல்லை என்றால் யார்? மகன் மற்ற நாள் பகலில் வீட்டிலேயே இல்லை. மோகனா சுவர் ஏறுகிற உடம்பு இல்லை. கூரையைப் பார்த்தார். ஒழுகவில்லை. இத்தனைக்கும் கூரையை அவர் நாள் முழுதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தீபன் வந்தார். வேனில் மீன் வாடையும் காலிப் பெட்டிகளும். நல்ல மனுசன்தான். தராசு மட்டும்தான் சரியில்லை என்பது செல்லையா கருத்து.

தீபன் ஒரு பெரிய மீன் தலையை எடுத்துப் போட்டார். கிராணி அதைக் கவ்விக்கொண்டது. கார் நிறுத்தும் இடத்தில் கழுவி விட்ட டைல்ஸ் மேல் படுத்துக் கடிக்கத் தொடங்கியது. உலகத்தில் வேறு எதுவும் இல்லை என்பது போல் கடித்தது.

"பாத்தீங்களா ஐயா, பழகிருச்சி" என்றார் தீபன்.

செல்லையா தீபன் பக்கம் திரும்பினார்.

"கேளு தீபா. உப்பு மீன் போடாத, சொறி வரும். இடி இடிச்சா நடுங்கும், ஒரு சாக்கு போட்டு மூடிரு. பூனைய விரட்டச் சொல்லி உங்க மாமா அடிச்சாருன்னு காதுல விழுந்திச்சி, நான் பஸ் ஏறி வந்துருவேன். 'அப்புறம் வா'ன்னு சொன்னா போயிரும். ஆனா அப்பவே திரும்பி வந்துரும். அதுக்குப் பேரு கிராணின்னாலும் நல்ல குணம்."

வாசலில் அம்சவள்ளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுகுமாரன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

செல்லையாவுக்கு வாய் உலர்ந்துவிட்டது. செம்பைத் தூக்கினார். அண்ணாந்து, கண்ணை மேலே வைத்துக்கொண்டு, கடகடவென்று ஊற்றிக்கொண்டார்.

கிராணியின் காது நிமிர்ந்தது. மீன் தலையைப் போட்டுவிட்டு ஒரே ஓட்டமாக அவர் காலடிக்கு வந்து நின்றது.

செம்பை இறக்கிய செல்லையா அதைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா தீபா? அவ்ளோ பெரிய மீன் தலைய விட்டுட்டு எங்கிட்ட வருது. பாசம்லா அது."

சங்கிலியை எடுக்கக் குனிந்த தீபன் குனிந்தபடியே நின்றார். நாயைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். அங்கிருந்து மெதுவாக மேலே வந்து, செல்லையாவின் நனைந்த சட்டையைப் பார்த்தார்.

"ஐயா, இத நான் ஏத்திக்கிட்டுப் போயிட்டா, நீங்க தண்ணி குடிக்கிறப்பல்லாம் தரைய யாரு நக்கித் தொடைக்கிறது?"