ஒரு வீட்டுக்கு மூன்று லிஃப்ட்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்காவின் கணவன் தன் கையாலேயே எழுதும் கடிதம். நான் நலம், உன் அக்கா என்னைவிட நலம், என் முழங்கால் மட்டும் நலமில்லை. அங்கே பெரியவர் முதல் பிள்ளைகள்வரை எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். இதுவரை என் கடிதங்களை நீதான் எழுதிக் கொடுத்தாய். இனி உன் தயவு வேண்டாம். ஒரு வரிக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்துக் குடித்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நாங்கள் வாடகைக்கு இருப்பது நாலாம் மாடி என்று உனக்குத் தெரியும். லிஃப்ட் இருக்கிறது, ஆனால் வீட்டுக்காரர் அதைப் பூட்டி, உள்ளே தன் பழைய பீரோவை நிறுத்திவைத்திருக்கிறார். ஓட்டினால் கரண்ட் பில் ஏறுமாம். என் முழங்கால் ஏறாததைப் பற்றி அவருக்கு என்ன கவலை? அடுத்த தெருவில் நடக்கும் முதியோர் கல்வி வகுப்புக்கு நான் போய் வெகுநாளாகிவிட்டது. கடிதம் எழுதும் பாடம் முடிந்தது, செய்தித்தாள் படிக்கும் பாடம் இனிமேல்தான். போகாமலிருந்தால் படித்ததும் கையைவிட்டுப் போய்விடுமோ என்று உள்ளூர ஒரு பயம். வீட்டுக்காரரைக் கேட்டால், லிஃப்ட் தருவதாக நான் சொல்லவே இல்லை என்று சாதித்தார். ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கத் தலைவர் முன்னால் பேசித் தீர்ப்பது என்று முடிவானது.

அதற்குள் என் மகள், இந்த வீட்டுக்கு அவர் கொடுத்த விளம்பரம் இன்னும் இணையத்தில் கிடப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். மேலே லிஃப்ட், நடுவில் சமையலறைப் படங்கள், எங்கோ பாதாளத்தில் வீட்டுக்காரர் பெயர். சாதாரணமாகப் படம் எடுத்தால் கண்ணுக்குத் தெரிகிற துண்டு மட்டும்தான் வருமாம். லிஃப்ட் வேறு துண்டு, பெயர் வேறு துண்டு என்றால் அந்த மனுஷன் சும்மா விடுவாரா? அதனால் மகள் பிரவுசரில் எக்ஸ்டென்ஷன் என்று ஒன்றைச் சேர்த்தாள். மூலையில் கேமரா படம் போட்ட ஒரு பொத்தான் வந்தது. அதை அமுக்கினால் அதுவே உச்சியிலிருந்து அடிவரை இறங்கி, முழுப் பக்கத்தையும் ஒரே நீளப் படமாக எடுத்துவிடும். அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. "ஒரு தடவை அமுக்குங்கப்பா. அது முடியிறவரைக்கும் எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அமுக்கினேன் மச்சான். அப்போதுதான் நான் "லிஃப்ட் வசதி உண்டு" என்பதை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். "வசதி" வரைக்கும் வந்திருப்பேன், பக்கம் தானாக ஓடுது. படிச்சு முடிக்கிறதுக்குள்ள பக்கத்தைப் புரட்டினா யாருக்குத்தான் கோபம் வராது? மவுஸ் சக்கரத்தை உருட்டி மறுபடி மேலே கொண்டுவந்தேன். அது மறுபடி ஓடிச்சு. நானும் விடலை, இழுத்துப் பிடிச்சு "உண்டு" வரைக்கும் படிச்சு முடிச்சுட்டுத்தான் விட்டேன். பிறகு கேமரா சத்தம் கேட்டது. காரியம் முடிந்த பெருமையில் உன் அக்காவிடம் சொன்னேன். அவள் அதைத் தண்ணீர்க் குழாயடியில் வீட்டுக்காரர் மனைவியிடம் சொல்லிவிட்டாள். மாலைக்குள் விளம்பரமே காணாமல் போனது.

மகள் வந்து படத்தைத் திறந்தாள். ஒன்றன்கீழ் ஒன்றாக, "லிஃப்ட் வசதி உண்டு, லிஃப்ட் வசதி உண்டு, லிஃப்ட் வசதி உண்டு." அதற்குக் கீழே பாதி சமையலறை. அவ்வளவுதான். வீட்டுக்காரர் பெயர் இல்லை. மகள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். உன் அக்கா மட்டும், "படிக்கத் தெரியாம இருந்தப்ப இந்த மனுஷன் ஒழுங்கா இருந்தாரு" என்றாள். 

ஞாயிற்றுக்கிழமை வேறு வழியில்லாமல் அந்தப் படத்தையே காட்டினோம். இது யாரோ எவரோ கொடுத்த விளம்பரம், இதில் என் பெயர் எங்கே என்று வீட்டுக்காரர் காலை ஆட்டிக்கொண்டே கேட்டார். தலைவர் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுதியிருப்பதை ஒரு எழுத்து விடமாட்டார். கண்ணாடியை மாட்டி நிதானமாக மூன்று முறையும் வாசித்தார். ஒரே வீட்டுக்கு எதற்கு ஐயா மூன்று லிஃப்ட் என்று வேறு கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். வீட்டுக்காரருக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது.

"மூணு தடவை போட எனக்கென்ன பைத்தியமா? நான் ஒரு தடவைதான்யா போட்டேன்!"

 அவருடைய மனைவிதான் முதலில் தலையைக் குனிந்தாள். உன் அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "அந்த ஒண்ணையே குடுங்க, போதும்" என்றாள்.

மறுநாளே பீரோ வெளியே வந்தது, லிஃப்ட் ஓடுகிறது. ராஜா மாதிரி போய் ராஜா மாதிரி வருகிறேன். முழங்கால் வலி என்று நீயும் இனி சாக்குச் சொல்ல முடியாது. குடும்பத்தோடு கிளம்பி வா. பிள்ளைகள் நீடூழி வாழ என் ஆசிகள். உன் அக்கா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
இனி யாரிடமும் எழுதி வாங்காத உன் அத்தான்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போட இறங்கும்போது லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. இந்த வரிகளை உள்ளே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். சுவரில் "பதற வேண்டாம், மணியை அழுத்தவும்" என்று எழுதியிருக்கிறது, ஒரே மூச்சில் படித்துவிட்டேன். அழுத்தியும் விட்டேன், மணி அடிக்கவில்லை. உன் அக்கா மேலேயிருந்து என்னென்னவோ சொல்கிறாள், அதை எழுத முடியாது. நீ வந்தால் படியிலேயே ஏறி வா. நடுவில் என் குரல் கேட்டால் நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போ.