மேசைக்கால்கள் நான்கும் நான்கு உயரம்

அன்பு மகள் ஹெஸ்டருக்கு அப்பா எழுதிக்கொள்வது. என் இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். நீயும் மாப்பிள்ளை டென்சிலும், முழங்கால்கள் உட்பட, நலமாயிருக்க விரும்புகிறேன்.

சனிக்கிழமை மாப்பிள்ளையின் வேனைக் காலியாக எடுத்துக்கொண்டு வரவும். மேசை, கட்டில், அலமாரி மூன்றையும் ஏற்றி அனுப்பிவிட வேண்டும். என் முழங்காலுக்காக மாடிப்படி இல்லாத இந்தப் புது வீட்டுக்கு வந்ததிலிருந்து உன் அம்மா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. காரணம் இந்தச் சாமான்கள்தான்.

நான் வேலை பார்த்த ஹார்ல்கோட் மாளிகையின் முகப்பைப் பார்த்து என்ன நேர்த்தி என்று ஊரே வியக்கும். வரிசையாக ஒன்பது ஜன்னல், அதில் ஒன்று செங்கல் சுவரில் தீட்டிய வெறும் ஓவியம், அதைத் துடைக்க நான் முதல் நாளே ஏணி போட்டு ஏறியது நமக்குள் இருக்கட்டும். நாம் குடியிருந்த பின்கட்டோ அதைவிட இருநூறு வருஷம் மூத்தது, ஓக் சட்டங்கள் முறுக்கிக்கொண்டு, நடுவிலிருந்த புகைபோக்கி தன் கனத்தில் மெல்ல இறங்க, தரை மொத்தமும் அதைப் பார்த்துச் சரிந்துவிட்டது. உன் கோலியெல்லாம் கணப்பு அடுப்பின் அடியில் போய்ச் சேரும், உன் தட்டிலிருந்து தப்பிய பட்டாணி என்னிடம் வரும், நான் அந்த நாற்காலியை விடாத காரணம் இப்போது உனக்குப் புரிந்திருக்கும். அம்மா சத்தம் போட்டதால் சரிவுக்கேற்ப மேசைக்கால்களை அறுத்தேன். கை ஊறியதில் கட்டிலையும் அலமாரியையும் அறுத்தேன். முப்பது வருஷம் நிம்மதியாக இருந்தோம்.

இங்கே வீடு கட்டிய பையன் ரசமட்டத்தை வைத்து, "பாருங்க சார், குமிழி அசையுதா?" என்றான். அசையவில்லை. சாமான் வந்திறங்கியதும் நாங்கள்தான் அசைந்தோம். காலையில் இருவரும் கட்டிலின் கால்மாட்டில் குவிந்து கிடக்கிறோம். அலமாரி தானே திறந்து என் கோட்டை நீட்டுகிறது, கிளம்பு என்பதுபோல. ஞாயிறன்று பாதிரியார் டீ குடிக்க வந்தார், கோப்பை நகர்ந்துபோய் அவர் மடியில் கவிழ்ந்தது. "உங்க மேசைக்கு என்மேல இவ்வளவு பிரியமா, மிசஸ் டாப்ஸ்காட்?" என்று துடைத்துக்கொண்டே சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அவர் போனதும் மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மியூரியல், எல்லாம் புதுசா வாங்கிடலாமா?" என்றேன்.

"உங்க இஷ்டம்."

நம் வீட்டில் இதுவரை எதுவும் என் இஷ்டப்படி நடந்ததில்லை. அதனால்தான் பயந்துபோய் உனக்கு எழுதுகிறேன்.

கடவுள் உங்கள் இருவரையும் சறுக்காமல் காக்கட்டும்.

உன் அப்பா
வில்ஃப்ரெட்

பின்குறிப்பு: தபாலில் போடுமுன் அம்மா இதை வாங்கிப் படித்துவிட்டாள். "மேசைய ஏன் குத்தம் சொல்றீங்க? அது ஒழுங்காத்தான் இருக்கு. தரைதான் சரியில்ல" என்றாள். சாக்கட்டியை எடுத்துச் சுவரில் சாய்வாக ஒரு கோடு இழுத்தாள், ஜன்னல் பக்கம் ஒரு சாண் உயரம், கதவுப் பக்கம் ஒன்றுமில்லை. ஆகவே வேனைக் காலியாகக் கொண்டுவராதே, பலகை நிறைய ஏற்றி வா. ஆணி வாங்க அவள் கிளம்பிவிட்டாள், தொப்பிகூடப் போடாமல்.